முடிஞ்ச கையே அவிழ்த்த நாள்

எனக்கு வயசு எழுபத்தாறு. பெத்தது நாலு, வளர்த்தது ஏழு. நாத்தனார் போன பிறகு அவள் பிள்ளைகள் மூணும் என் அடுப்படிக்குத்தான் வந்தார்கள். ஏழு பேருக்கும் என் கைச்சோறு, ஏழு பேர் கல்யாணத்துக்கும் நான்தான் முன்னால் நின்றேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏழு பேரை வளர்க்க ஓடின காலைப் பார்த்துத்தான், "இனிமே இது எங்க நடக்கப் போவுது" என்றார்கள்.

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், காலண்டரில் கிருத்திகையும் அமாவாசையும் பார்ப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி செல்போனில் அடித்துக்கொண்டு வருகிறாள். எனக்கு அவசரமில்லை. அவளுக்குத்தான் அவசரம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் எங்கள் தெருவில் பாவு போட்டிருந்தோம். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழையையெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் உறைக்கிறதுக்குள் காய வைக்கிற வேலை. கஞ்சி சிந்தின இடத்தில் கால் வைத்தேன். வழுக்கினது தெரியும், விழுந்தது தெரியாது. இடுப்பு எலும்பு போய்விட்டது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

படுக்கையில் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு பேச்சும் கொண்டுவந்தார்கள். "இனிமே உட்கார்ந்த இடத்துலேயே எல்லாம் நடந்துரும்மா, உனக்கென்ன." எதிர்வீட்டுக்காரி ஒருபடி மேலே போய், எனக்கு ஒரு சக்கர நாற்காலி விலை விசாரித்து வந்து சொன்னாள். நல்ல மனசுதான். ஆனால் அவள் வாசல்படி இறங்கின உடனே நான் பேரனைக் கூப்பிட்டு, மஞ்சள் துணி ஒரு துண்டும் ஒரு ரூபாய்க் காசும் கொண்டுவரச் சொன்னேன். ஏகாம்பரநாதரை நினைத்துக் காசை முடிந்தேன். "என்னை எழுப்பி நிறுத்து. உன் ஊரை நடந்தே சுத்தி வரேன்."

எங்கள் தெருப் பெண்கள் மாசி மாசம் சிவராத்திரிக்கு முன்னால் ஒரு நடை நடப்பார்கள். காஞ்சிபுரத்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுத்தி வருவது. கிழக்கே தென்னேரி ஏரிக்கரையில் கும்பிட்டு ஆரம்பிப்போம். அப்படியே தெற்கே ஓரிக்கைப் பாலாற்றங்கரை, மேற்கே முசரவாக்கம். வழியில் இருக்கிற சிவன் கோயில் ஒன்றையும் விடமாட்டோம். கடைசி நாள் ஊருக்குள் நுழைந்து ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் முடிப்போம். மத்தவர்கள் கோயிலைச் சுத்துவார்கள், நாங்கள் ஊரையே சுத்துவோம்.

அதற்குச் சட்டம் உண்டு. செருப்புப் போடக் கூடாது. வண்டி ஏறக் கூடாது. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து நடக்கக் கூடாது. வேண்டுதல் உள்ளவள் தன் காசு முடிச்சை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, மாமரத்தடியில் அவிழ்த்துக் காசை உண்டியலில் போடணும். முடிஞ்ச கையேதான் அவிழ்க்கணும். கத்தி படக் கூடாது, பல்லு படக் கூடாது, அடுத்தவள் விரல் படக் கூடாது. அவிழ்ந்தால் வேண்டுதல் தீர்ந்தது. அவிழாவிட்டால் அடுத்த வருஷம் திரும்ப முதலிலிருந்து நடக்கணும். எழுபத்தாறு வயசில் அடுத்த வருஷத்தை நம்பி யாராவது எதையாவது தள்ளிப் போடுவார்களா?

இந்த வருஷம் நானும் நடந்தேன். அதில் கடைசி நாளுக்கு வருகிறேன்.

முந்தின சாயங்காலம் முசரவாக்கத்தில் ஒரு நயினார் வீட்டில் தங்கினோம். சமணக் குடும்பம், பெரிய விவசாயம். வருஷா வருஷம் எங்களுக்குத் தாழ்வாரத்தை ஒழித்துக் கொடுப்பார்கள். பொழுது சாய்கிறதுக்குள் சோறு போட்டுவிட்டார்கள். விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். மறுநாளும் சூரியன் வந்த பிறகுதான் அடுப்பு எரியும். அந்த வீட்டம்மா, "வெறும் வயித்தோட அனுப்ப மாட்டேன், இருந்து சாப்ட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் விடிகிறதுக்கு முன்னே கிளம்புகிற நாங்கள் அன்றைக்கு வெயிலோடுதான் கிளம்பினோம். நடந்ததுக்கெல்லாம் இதுதான் ஆரம்பம்.

இட்லி வேகிற நேரத்தில் அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்டாட்டி. பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். என்னைவிட மூணு வயசு மூப்பு. வாய்க்கு மட்டும் இன்னும் பதினாறு. இந்த நடையை ஒரு வருஷம்கூட அவள் விட்டதில்லை.

"நயினார் வீட்டுல மரியாதைக்கு ஒரு குறையும் இல்லடி. ஆனா பொழுதோட சாப்ட்டது விடியிறதுக்குள்ள எங்க போச்சுன்னே தெரியல. வயிறு முதுவுல ஒட்டிக்கினு இருக்குது."

"மெதுவா பேசுக்கா. அந்தம்மா காதுல விழப்போவுது."

"விழட்டும், ரெண்டு இட்லி சேத்து வைப்பாங்க. எங்க, உன் முடிச்சக் காட்டு. இன்னிக்கு அவுக்கணும் இல்ல?"

சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். துணியைத் திருப்பினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், தாழ்வாரத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடியே, இன்னா முடிச்சுடி இது? பட்டு இழையால சுத்தி, இழை முடிச்சு போட்டு, வாலையும் கடிச்சு வச்சிருக்கே! இத எந்த மகராசன் வந்து அவுப்பான்?"

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். மத்தவர்கள் துணியின் ரெண்டு முனையைச் சேர்த்து ஒரு கட்டுக் கட்டுவார்கள், இழுத்தால் வந்துவிடும். நான் படுத்துக்கொண்டே, தலைமாட்டில் கிடந்த பட்டு நூலை எடுத்துச் சுத்தி, கை பழக்கத்தில் தறியில் போடுகிற முடிச்சைப் போட்டிருக்கிறேன். தறியில் இழை அறுந்தால் ரெண்டு நுனியையும் சேர்த்து ஒரு முடிச்சு. நெய்த சேலையில் விரல் வைத்துத் தடவினாலும் தட்டுப்படக் கூடாது. அதனால் மிச்ச நுனியைப் பல்லால் நறுக்கென்று கடித்துவிடுவோம். பிடித்து இழுக்க வாலே இருக்காது. அந்த முடிச்சை அவிழ்ப்பதற்கென்று யாரும் போடுவதில்லை. என் ஆயுசில் எத்தனை போட்டிருப்பேனோ, கணக்கில்லை. ஒன்றைக்கூட அவிழ்த்ததில்லை.

"கட்டும்போதே பல்லு பட்டுச்சே, அதுக்கு இன்னா சட்டம்?" என்றாள் அக்கா.

"அவுக்கும்போதுதான் படக் கூடாது. கட்டும்போது பட்டா குத்தமில்ல."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்றைக்கு அந்த வீட்டு இட்லி எனக்கு ருசி தெரியவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் முடிச்சை உருட்டிக்கொண்டே இருந்தன. கடுகு மாதிரி கெட்டியாக இருந்தது.

கிளம்பினோம். முன்னால் பூக்காரம்மா வெண்கல மணி அடித்துக்கொண்டு போனாள். கோயில் வாசலில் பூ விற்கிறவள், எங்கள் நடைக்கு அவள்தான் தலைவி. பின்னால் என் பெரிய பையன் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தான். சின்ன லாரி மாதிரி இருக்குமே, அதுதான். தண்ணீர்க் கேன், பாய், மாத்திரை என்று ஏற்றி வந்திருந்தான். அதெல்லாம் சாக்கு. எனக்காகத்தான் வண்டி. எங்கேயாவது உட்கார்ந்துவிடுவேன், தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்று அவன் தென்னேரியிலிருந்தே காத்துக்கொண்டிருந்தான்.

தார் ரோடு சுட ஆரம்பித்ததும் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"ம்மா, கம்பி வச்ச காலும்மா அது. கீழம்பி வரைக்கும் ஏறிக்கோ. அப்புறம் இறங்கி நட. சாமி இன்னா சிசிடிவி கேமராவா வச்சுக்கினு இருக்குது?"

"சாமி வைக்கலடா. உங்க பெரியம்மா வச்சிருக்கா."

அக்கா திரும்பி முறைத்தாள். "எனக்கு வேற வேலை இல்ல பாரு. ஏறினா ஏறட்டும்பா. எப்படியும் அந்த முடிச்சு அவுறப் போறதில்ல. சும்மா எதுக்குக் கால வீணாக்கணும்?"

அது என்னைக் குத்தினது நிஜம். கோபத்தில் நாலு எட்டு வேகமாக வைத்தேன். கோபம் நல்ல ஊன்றுகோல். அக்காவைத் தாண்டினேன், பூக்காரம்மாவைக்கூடத் தாண்டப் பார்த்தேன். அவள் மணியாலேயே என்னைத் தடுத்து, "ஆயா, கொஞ்சம் பின்னால. நான்தான் இங்க டிரைவர்" என்றாள்.

பெங்களூர் பெரிய ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம். அக்கா ரோட்டோர மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. முகம் வேர்த்து வெளுத்திருந்தது. சொல்ல வாயில் வார்த்தை இல்லை. அவள் வாயில் வார்த்தை இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பையன் வண்டிக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான். "பெரியம்மா, ஏறும்மா."

அக்கா வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அவ ஏறட்டும். நான் ஏறுறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது நான் ஏறினால் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஓரகத்திக்காக ஏறினாள், தங்கமான மனசு என்பார்கள். மாமரத்தடியில் முடிச்சு அவிழாமல் நாலு பேர் முன்னால் நிற்கிற வேலையும் இல்லை. நிழலும் உண்டு. ஒரு நிமிஷம் அந்த வண்டி எனக்குக் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரிதான் தெரிந்தது. பொய் சொல்வானேன்.

பிறகு நான் படுத்துக்கிடந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. ஆரஞ்சுப் பழம் கொண்டுவராதவள் இந்த அக்கா ஒருத்திதான். தினம் மிளகு ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எழுந்து குடிடி, ஊட்டி விடல்லாம் எனக்கு நேரமில்ல" என்று போய்விடுவாள். நான் எழுந்து உட்கார்ந்தது அந்த ரசத்தால்தான்.

"நானும் ஏற மாட்டேன், நீயும் ஏறப் போறதில்ல" என்றேன். பையன் தோளில் கிடந்த துண்டை உருவினேன். நல்ல நீளத் துண்டு. கயிறு மாதிரி முறுக்கி ஒரு நுனியை அவள் மடியில் போட்டேன். "பாவு பிடிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு நடக்கத் தெரியாதா? பிடிக்கா."

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் பாவுக்கு ஒரு முனை அவள், ஒரு முனை நான். அந்த வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. இழுத்தும் இழுக்காமலும் பிடிக்கணும். அந்தப் பக்கம் தளர்ந்தால் இந்தப் பக்கம் சாயணும். இழுப்பு சீராக இருந்தால் பாரமே தெரியாது, அதுவே ஆளைத் தாங்கும். அக்கா காலை நீவிக்கொண்டு எழுந்தாள். நான் முன்னால், அவள் பின்னால், நடுவில் துண்டு விறைப்பாக.

பின்னால் வந்த ஒருத்தி, "கை பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதே" என்று இழுத்தாள்.

பூக்காரம்மா நின்று துண்டை மேலும் கீழும் பார்த்தாள். "கைய பத்தித்தான் சட்டம் இருக்குது. துண்ட பத்தி ஒண்ணும் இல்ல. நடங்க நடங்க" என்று மணியை அடித்தாள்.

நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அக்காவுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "மெதுவா போடி, மாடா ஓட்டுறே?" என்றாள். கீழம்பி தாண்டினபோது அவள் கை சும்மா இருக்காமல் துண்டின் நுனியை எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரியாது. திடீரென்று துண்டின் முறுக்கு மொத்தமும் பிரிந்து, பொத்தென்று அகலமாகத் தொங்கிவிட்டது. இழுப்பு போய் நான் முன்னால் தள்ளாடினேன்.

"இன்னாக்கா பண்றே? விழுந்திருப்பேன்!"

"கை நமநமன்னுது, திருகினேன். அதுக்கு ஏன் கத்துறே?"

நான் அதற்குமேல் கத்தவில்லை. தொங்கின துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பு மாதிரி விறைத்திருந்தது, முறுக்குப் போன உடனே வாழைநார் மாதிரி ஆகிவிட்டதே! பட்டு இழையும் முறுக்கின இழைதானே. நூலுக்குக் கெட்டியே அந்த முறுக்கால்தான். முடிச்சை இழுத்து அவிழ்க்க முடியாது, சரி. இழையின் முறுக்கையே எதிர்ப்பக்கம் பிரித்துவிட்டால்?

யாரிடமும் சொல்லவில்லை. துண்டைத் திரும்ப முறுக்கி அக்கா கையில் கொடுத்தேன். "இப்ப வேணும்னா திருகிக்கினே வா" என்றேன். வெயிலில் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள்.

கோபுரம் முதலில் தெரிகிற இடத்தில் எல்லாரும் நின்று கையைத் தலைக்குமேல் தூக்குவது வழக்கம். நான் ஒரு கையைத்தான் தூக்கினேன், இன்னொன்றில் துண்டு இருந்தது. நெசவுத் தெருவுக்குள் நுழைந்தபோது மணிச் சத்தம் கேட்டு ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் நின்றது. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். நடந்து வருகிறவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து மரியாதை. எங்கள் தெருவில், எங்கள் எதிர்வீட்டுக்காரி குடத்தோடு நின்றாள். சக்கர நாற்காலி விலை விசாரித்தாளே, அவள்தான். குனிந்து என் காலில் ஊற்றினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா பாத்துக்கோம்மா," என்றேன், "அதே கால்தான்."

தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். குடத்தில் இருந்த மிச்சத் தண்ணீரையும் என் காலிலேயே கவிழ்த்துவிட்டாள்.

மாமரத்தடியில் நல்ல கூட்டம். சேதி எனக்கு முன்னாலேயே நடந்து போயிருந்தது. இழை முடிச்சு போட்டுக்கொண்டு வந்த கிழவி எப்படி அவிழ்க்கிறாள் என்று பார்க்கத்தான் பாதிப்பேர் நின்றார்கள். சிலர் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அக்கா எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "தள்ளி நில்லுங்கப்பா. இன்னா சினிமாவா காட்றாங்க?"

சுருக்குப்பையிலிருந்து முடிச்சை எடுத்தேன். முடிச்சுக்கு ஒட்டினாற்போல் துணியைச் சுத்தியிருந்த இழையை நகத்தால் நிரடி, துளி எழுப்பினேன். ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்து, நூல் முறுக்கும்போது உருட்டுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உருட்டினேன். உள்ளங்கை வேர்வை நல்லதற்குத்தான் ஆயிற்று, இழை இளகினது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் யாரோ, "பாவம், அடுத்த வருஷம்தான்" என்றார்கள். காதில் வாங்கவில்லை. உருட்டினேன். என் விரலுக்கு அவசரம் தெரியாது, அது பழகின வேலை அப்படி. இழை பிரிந்து பிரிந்து பஞ்சு மாதிரி மெத்தென்று ஆனது. கடுகு மாதிரி இருந்த முடிச்சு மிளகாகி, உள்ளே துளி வெளிச்சம் தெரிந்தது. அங்கே நகத்தை நுழைத்தேன்.

வந்துவிட்டது. இழை அறுந்துபோகவில்லை. மஞ்சள் துணி என் உள்ளங்கையில் பூ மாதிரி தானாகத் திறந்தது. நடுவில் காசு.

"நமச்சிவாயா" என்று எழுந்த சத்தத்தில் மாமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. நான் காசை உண்டியலில் போட்டேன். அது விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு கூச்சல். சாமிக்குக் கேட்டிருக்கும். நான் சாமியிடம் எதுவும் கேட்கவில்லை. "சொன்னேன், வந்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

பையன் கூட்டத்துக்கு நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வண்டிய காலியாவே ஓட்ட வச்சிட்டியேம்மா" என்றான்.

"உங்க பெரியம்மா ஏறுவாடா. இனிமே ஏறலாம், நடைதான் முடிஞ்சுதே."

அக்கா என் கையிலிருந்த இழையை வாங்கிப் பார்த்தாள். சுருண்டு சுருண்டு இருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் துண்டத் திருகிக் காட்டலேன்னா நீ இன்னும் இங்கயே நின்னுக்கினு இருப்பே" என்றாள். இழையைப் பத்திரமாகத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அது எதுக்குக்கா உனக்கு?"

"அடுத்த வருஷத்துக்கு நானும் ஒண்ணு முடிஞ்சு வைக்கணும். உன்ன மாதிரியே வால் கடிச்சு. நீ மட்டும்தான் அவுப்பியா?"

அவள் வண்டியில் முன் சீட்டில் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டு போனாள். எனக்கும் பக்கத்தில் இடம் இருந்தது. ஏறச் சொன்னார்கள். நான் வீட்டுக்கும் நடந்தேதான் போனேன். இனி நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, நடக்க முடிகிறது என்பதால் நடந்தேன்.

இவ்வளவுதான் சொல்ல இருந்தது. எங்கேம்மா, அடிச்சு முடிச்சிட்டியா? இப்ப முதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. ஒரு வரி விடாதே. ஜன்னலை நல்லா திறந்து வச்சுட்டு, கொஞ்சம் சத்தமாவே படி. பக்கத்து வீட்டுல உங்க பெரிய ஆயா காதுலயும் விழட்டும்.